புகையும் படச்சுருளும்

மந்தாரக்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் கிழக்கே போனால், நெய்வேலிக்கு அப்பால் வடலூர். வள்ளலார் 1872இல் சத்திய ஞான சபையைத் தொடங்கிய ஊர். அவரைப் பற்றி அன்பர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. மாசிலாமணி முதலியார் என்ற சென்னைப் புகைப்படக் கலைஞர் எட்டு முறை முயன்றும் அவர் அணிந்த வெள்ளாடை மட்டுமே பதிந்தது, மேனி பதியவில்லை என்பார்கள். இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் உள்ளம். ஆனால் இந்தச் செய்தி பொருள்படுவதற்கே ஒரு முன்முடிவு தேவை: கேமராவின் முன் நின்ற உடல், வெள்ளி உப்பு பூசிய தகட்டில் தடம் பதித்தே தீரும். அந்த விதி உறுதியானது என்று எல்லோரும் ஏற்றிருந்ததால்தான் அதை மீறியது அற்புதமாயிற்று. டிஜிட்டல் காலத்திலும் ஃபிலிம் ரோலைத் தேடிப் போகிறவர்களை ஈர்ப்பது இந்த விதிதான் என்பது என் துணிபு.

அறிவு நம்மை வந்தடையும் வழிகளுள் காட்சி, கருதல், உரை என்ற மூன்றையும் முதன்மையான அளவைகளாகச் சைவ சித்தாந்தம் கொள்கிறது. மணிமேகலையில் அறவண அடிகள் எடுத்துரைக்கும் பௌத்த அளவைகள் காட்சி, கருதல் ஆகிய இரண்டே. கருதலுக்கு எல்லாத் தரப்பினரும் காட்டும் சான்று மலைமேல் எழும் புகை. நெருப்பின்றிப் புகை இல்லை. ஆகவே புகையைக் கண்டால் நெருப்பு உண்டென்று துணியலாம். ஃபிலிம் நெகட்டிவ் இத்தகைய புகை. ஜெலட்டின் படலத்தில் இருக்கும் வெள்ளி உப்புப் படிகங்களில் ஒளி பட்டவை, டெவலப்பரில் கரிய வெள்ளியாக மாறுகின்றன. படாதவற்றை ஹைப்போ கரைத்து நீக்குகிறது. எஞ்சும் கருமை, ஒரு முகத்தில் பட்டுத் திரும்பிய ஒளியின் நேர்விளைவு. அந்த முகம் அங்கே இருந்தது என்பதற்குப் படம் எடுத்தவரின் வாக்குமூலம் தேவையில்லை.

டிஜிட்டல் சென்சாரிலும் ஒளிதானே படுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் சென்சாரில் எழுந்த மின்னூட்டம் எண்களாக மாற்றப்பட்டதும், அடுத்த படத்துக்காக அது துடைக்கப்படுகிறது. ஒளி தொட்ட பொருளில் எதுவும் தங்குவதில்லை. மிஞ்சும் எண்களைச் சுவடின்றித் திருத்தலாம். கேமராவே இல்லாமல், கணினியைக் கொண்டே அத்தகைய எண்களை உருவாக்கவும் இன்று முடிகிறது. ஆகவே அந்தப் படம் உரை என்ற அளவைக்குள் வந்துவிடுகிறது: தருபவர் நம்பத்தக்கவரா என்று விசாரித்த பிறகே அதை ஏற்க முடியும். உரை இழிந்ததல்ல, வேதமும் ஆகமமும் உரையே. ஆனால் அது வேறு வகைச் சான்று. வள்ளலாரின் ‘புகைப்படம்’ என்று ஒன்றைக் கணினியில் இன்று யாரும் நொடியில் செய்துவிடலாம். அப்படம் அந்தப் பழஞ்செய்தியை மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

ஃபிலிமும் பொய் சொன்னதுதானே என்பது அடுத்த தடை. ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் மீது பென்சிலால் டச்சிங் செய்தார்கள். ஒரே ஃபிலிமில் இருமுறை ஒளி பாய்ச்சி, ஒரே நடிகரை இரட்டை வேடத்தில் நிறுத்தினார்கள். உண்மைதான். மூடுபனியைப் புகையென்று மயங்குவதையும் நம் அளவை நூலார் அறிந்தே இருந்தனர். அதற்காக அவர்கள் கருதலைக் கைவிடவில்லை, புகையைச் சரியாகக் காணக் கற்றுக்கொடுத்தார்கள். பென்சில் தீற்றல் நெகட்டிவிலேயே இருக்கிறது, தேடினால் கிடைக்கும். இரட்டை வேடத்திலும் அந்த நடிகர் இருமுறை கேமராவின் முன் நின்றே ஆகவேண்டியிருந்தது.

இவற்றைவிடக் கனமான தடை அறம் சார்ந்தது. ஜெலட்டின், மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருகிறது. ஜீவகாருண்யம் போதித்த வள்ளலாரைச் சொல்லிவிட்டு இதை மறைப்பது தகாது. ஃபிலிமின் விலையும் எளியவர்க்கு எட்டாதது. 1960இல் அரசு நிறுவனமாகத் தொடங்கி ‘இந்து’ ஃபிலிம்களைத் தயாரித்த உதகை இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸும் இப்போது இயங்கவில்லை. எனவே எல்லோரும் எல்லாவற்றையும் ஃபிலிமில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அன்றாடத் தேவைக்கு டிஜிட்டலே போதும். அளவோடு, தேவை உணர்ந்து எடுக்க வேண்டும் என்பதே இந்தத் தடை நமக்குச் சொல்லும் நெறி. ஒரு ரோலுக்கு 36 படம் என்ற எல்லையும் அந்த நெறிக்கு இசைவானதே.

இந்த வட்டாரத்துக்கு இது ஏட்டுத் தத்துவமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பழுப்பு நிலக்கரிக்காக நிலம் அகழப்பட்டு, மக்கள் இடம்பெயர்ந்த ஊர்கள் இங்கே உண்டு. வீடும் தெருவும் நின்ற மண்ணே இல்லாமல் போனபின், அங்கே வாழ்ந்தோம் என்று ஒரு குடும்பம் காட்டக்கூடியவற்றுள் பழைய நெகட்டிவ் முக்கியமானது. பட்டா நம் வாழ்வைப் பற்றிப் பிறர் எழுதித் தந்த உரை. நெகட்டிவோ அந்த வாழ்வே விட்டுச்சென்ற விளைவு. எதை வேண்டுமானாலும் படமாகச் செய்துகொள்ள முடிகிற காலத்தில், நடந்ததற்கு மட்டுமே கட்டுப்பட்ட ஒரு சான்றை மனிதர் நாடுவதைப் பழமை மோகம் என்று தள்ளிவிடக் கூடாது. மெய்யின்மீது அவர்களுக்குள்ள பற்று அது. பெட்டிகளில் கிடக்கும் நெகட்டிவ்களை ஈரமும் வெப்பமும் அழிப்பதற்குள் காப்பாற்றுவது நம் கடமை.