கொடுக்கும் பொருளின் குறை

விற்கும் சரக்கில் குறை இருந்தால் வாங்குகிறவருக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது நம்மில் எவருக்கும் புதிதாகக் கற்பிக்க வேண்டிய செய்தியன்று. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டதும், ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. ஆனால், விலை வாங்காமல் கொடுக்கும் பொருளில் குறை இருந்தால்? அதையும் சொல்ல வேண்டுமா? இக்கேள்வி நமக்குக் கிதாபைப் புரட்டும்போது எழவில்லை. குழந்தைப் போர்வை ஒன்றைத் தைத்துக் கொடுத்தபோது எழுந்தது.

கடைப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்த பின்னர் கைக்கு வேலையில்லாமற் போயிற்று. வெட்டுத் துணிகளைச் சதுரங்களாக நறுக்கி இணைத்து, அடியில் ஒரு துணியும் நடுவில் மெல்லிய பஞ்சுத் தகடும் வைத்து, மூன்றும் நழுவாதபடி மேலிருந்து ஓட்டுத் தையல் இடும் ஒட்டுப்போர்வை வேலையை, நம் வீட்டார் தம் சிநேகிதிமாருக்காகவும் பிள்ளை பெற்ற வீடுகளுக்காகவும் வெகு காலமாகச் செய்து வருகிறார்கள். மலாய்க்காரர் வீடுகளிலும் பெர்ச்சா என்று சொல்லப்படும் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் வழக்கம் பழையதே. நாமும் கற்றுக்கொள்கிறோம் என்று உட்கார்ந்தோம்.

பார்வைக்கு எளிய வேலை. ஐந்து அங்குலச் சதுரமென்றால் ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போகும். ஒரு தையலில் அரைக்கால் அங்குலம் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. அதே பிசகு எட்டுத் தையலில் ஓர் அங்குலமாகிவிடும். பிறகு எந்த மூலையும் எந்த மூலையோடும் சேராது. நாம் இழுத்துப் பிடித்துச் சேர்த்தோம். துணி சுருங்கி நின்றது. "நாப்பது வருசமா துணி கிழிச்சீங்க, ஒரு சதுரம் ஒழுங்கா வெட்ட வரலியே" என்று வீட்டார் சிரித்தார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. துணியை அளப்பவன் ஒருவன், தைப்பவன் வேறொருவன் என்பதை அந்த வயதில்தான் அறிந்தோம்.

முதற்போர்வை, நம்மோடு ஒரே தெருவில் கடை வைத்திருந்த நண்பர் ஒருவரின் பேரப்பிள்ளைக்கு. துணிக்கு எங்கே போவது? கடையின் பின்னறையில் விற்காமல் கிடந்த கட்பீஸ் மூட்டை இருந்தது. அதில் ஒரு சிவப்பு மிக எடுப்பாய் இருந்தது. அது கெட்டிச் சாயம் அன்று என்பது நமக்குத் தெரியும். வாங்க வந்தவர்களுக்கெல்லாம், தனியாகத் துவையுங்கள் என்று சொல்லிச் சொல்லியே அது விற்காமற் போனது. "இந்தச் சிவப்பு கெட்டியா?" என்று வீட்டார் கேட்டார்கள். "சும்மா கொடுக்கிறதுதானே" என்றோம்.

சகோதரர்களே, அந்த வார்த்தையைத்தான் இங்கே எடுத்து வைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

மாதம் ஒன்று கழித்து நண்பர் வீட்டுக்கு முன்னறிவிப்பின்றிப் போனோம். போர்வை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் திட்டுத் திட்டாக ரோஜா நிறம். அதனருகே பிள்ளையின் வெள்ளைச் சட்டை இரண்டும் அதே நிறத்தில் தொங்கின. நம்மைக் கண்டதும் அவர் மருமகள் அவசரமாக அவற்றை எடுத்து உள்ளே கொண்டுபோனார். தவறு நம்முடையது; மறைக்க வேண்டியவர்களாக நின்றவர்கள் அவர்கள்!

அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. விற்பனையில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமையை ஷரீஅத் வாங்கியவருக்கு வழங்குகிறது. அன்பளிப்புக்கு அந்தச் சட்டம் இல்லை, விலையே இல்லையாதலால். இதைக்கொண்டு, அன்பளிப்பில் பொறுப்புக் குறைவு என்று நம் மனம் எண்ணியிருந்தது. உண்மையில் அது நேர் எதிரானதன்றோ? விலை கொடுத்தவர் துணியைத் தேய்த்துப் பார்ப்பார், பேரம் பேசுவார், பிடிக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போவார், ஏமாந்தால் திரும்பி வந்து சண்டையிடுவார். பரிசு பெற்றவர் இவற்றில் எதையும் செய்ய இயலாது. சோதித்துப் பார்ப்பதே அவமரியாதை. குறை கண்டாலும், நன்றாக இருக்கிறது நானா என்றுதான் சொல்ல வேண்டும். வாய் கட்டப்பட்ட ஒருவர் கையில் பழுதுள்ள பொருளைக் கொடுப்பது, வாய் திறந்திருப்பவருக்கு விற்பதைவிடக் கேவலமாக நமக்குப் பட்டது.

அப்படியானால் கற்றுக்குட்டி தன் கோணல் தையலையெல்லாம் பட்டியலிட்டுச் சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்றே நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் குறையைப் பெறுகிறவரே பார்த்துக்கொள்வார். "புதுசாக் கத்துக்கிட்டது, மூலை சேரலை" என்று நாமே சொல்வதில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. இல்லை, அருமை, என்று அவர் மறுத்துச் சொல்லக் கேட்கும் ஆசை. நாமும் அந்த நண்பரிடம் கோணலைப்பற்றி நாலுதரம் சொன்னோம், சாயத்தைப்பற்றி ஒருதரமும் சொல்லவில்லை. தெரிந்த குறையை விரித்துப் பேசித் தெரியாத குறையை மூடிவிட்டோம்.

ஒரு பெண்மணி தம் கையால் நெய்த கரைவைத்த ஆடையொன்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குக் கொணர்ந்து கொடுத்தார் என்றும், தேவையுடன் அதை ஏற்ற அவர்கள் அதை உடுத்தியே வெளியே வந்தார்கள் என்றும் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. கைவேலை என்பதற்காக ஓரமாய் வைத்துப் பாராட்டவில்லை; உடுத்தினார்கள். கையால் செய்து கொடுப்பது உபயோகத்துக்குத்தான். ஆகையால் உபயோகத்தில் அது தாங்க வேண்டும்.

துண்டுத் துணியைக் கொடுத்ததுதான் பிழையோ என்றும் யோசித்தோம். அப்படியன்று. இதே சிங்கப்பூரில், 1942இல் ஜப்பானியர் கைப்பற்றிய பின்னர், சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த சுமார் இருபது சிறுமிகள், தங்களைச் சாரணியராய்ப் பயிற்றுவித்த எலிசபெத் என்னிஸ் என்ற மாதுக்குப் பிறந்த நாள் பரிசாக ஒரு போர்வையை இரகசியமாகத் தைத்தார்கள். கிடைத்த கந்தல்களை அறுகோணமாக வெட்டிப் பூப்பூவாய்ச் சேர்த்தார்கள். அது இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அச்சிறுமிகளிடம் அதைவிட நல்ல துணி இல்லை. நம்மிடம் கடை நிறைய இருந்தது. நீங்களே கண்ணை மூடிக்கொண்டாலன்றி வாங்கிக்கொள்ள மாட்டாத மட்டமான பொருளைத் தேடி எடுத்துக் கொடுக்காதீர்கள் என்ற கருத்தில் வரும் அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தருமத்தைப்பற்றியது. எனினும், அந்த மூட்டைக்குள் நம் கை போனபோது கண் மூடித்தான் இருந்தது.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள். பழுதுள்ள துணியொன்றைப் பழுதைச் சொல்லாமலே கூட்டாளி விற்றுவிட, அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தருமமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர்கள் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். நமக்கோ தருமம் செய்யவும் வரவு இல்லை. நண்பரிடமே போனோம். தெரிந்தேதான் அந்தத் துணியைப் போட்டோம் என்று சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சட்டை போனாப் போகுது நானா. ஆனா நீங்க தைச்சதுன்னு நாலு பேருகிட்ட பெருமையாக் காட்டினேனே" என்றார். மறுபோர்வை தைத்துத் தருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

இப்போது அந்த மறுபோர்வை பாதியில் இருக்கிறது. துணியை முதலில் துவைத்துச் சுருங்கவிட்டு, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் பார்த்த பிறகே வெட்டினோம். குண்டூசிகளை எண்ணிக் குத்தி எண்ணி எடுக்கிறோம். இன்னொன்றையும் அறிந்துகொண்டோம்: ஒரு வயது நிரம்பாத பிள்ளை தூங்கும்போது தொட்டிலில் பஞ்சுப் போர்வை போடலாகாது, முகத்தை மூடி மூச்சை அடைக்கக்கூடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். விழித்திருக்கும்போது தரையில் விரிக்கலாம். பரிசு கொடுக்கும் வேளையில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கம் நமக்கும் உண்டு. சீட்டில் எழுதி உள்ளே வைக்கப்போகிறோம். வாயாலும் சொல்லத்தான் வேண்டும்.

துணி இம்முறை மூட்டையிலிருந்து எடுத்ததன்று. கடைக்குப் போய் வாடிக்கைக்காரரைப்போல நின்று, அலமாரியிலிருந்து இறக்கச் சொல்லிப் பார்த்து எடுத்தோம். மகன் காசு வாங்க மறுத்தார். அப்படியானால் வாப்பா பெயரில் பற்று எழுது என்றோம். சிரித்துக்கொண்டே எழுதினார்: வெள்ளை 2 கஜம், நீலம் 1 கஜம், கெட்டிச் சாயம்.