மரத்த பாதமும் வெறுங்கால் யாத்திரையும்



ஆவணி பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சாலைகளில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் செருப்பு அணிவதில்லை. சுடும் தாரையும் குத்தும் கல்லையும் தேவமாதாவுக்குக் காணிக்கையாக்குகிறார்கள். நல்ல எண்ணமே. ஆனால் அக்கூட்டத்தில் ஒருவனுக்குப் பாதத்தில் உணர்ச்சியே இல்லையென்று வைத்துக்கொள்வோம். கல் குத்துவதும் தார் சுடுவதும் அவனுக்குத் தெரியாது. அவன் வெறுங்காலோடு நடப்பது தவமாகுமா?

இது வீண் கேள்வியன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் நரம்பு வியாதி ஒன்றுண்டு. 1886-ஆம் ஆண்டு பாரிசில் ஷார்க்கோ, மாரி என்னும் இரு வைத்தியர்களும், இங்கிலாந்தில் டூத் என்பவரும் அதை விவரித்தார்கள். மூவர் பெயராலும் அது வழங்குகிறது. ஏறக்குறைய 2,500 பேரில் ஒருவருக்கு அது உண்டு என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. கெண்டைக்கால் மெலியும், பாதம் வளைந்து உயரும், நடக்கையில் நுனிக்கால் தொங்கித் தட்டும். பாதத்தில் தொடங்கும் மரமரப்பு நாட்செல்லக் கைக்கும் வரும். பெரும்பாலும் உயிரை வாங்காது. குணமாக்கும் மருந்தும் இன்றுவரை இல்லை.

இதைக் கண்டு குஷ்டமென்று விலகி நிற்போர் உண்டு. குஷ்டம் கிருமியால் வருவது. கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாகிறது. இதுவோ தொற்றுவதே இல்லை. ஆயினும் உணர்ச்சியிழந்த உடம்புக்கு என்ன நேரும் என்பதை உலகம் குஷ்டரோகிகளிடமிருந்தே கற்றது. பச்சைமலைக்கு அப்பால் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் அவர்களுடைய கைகளை ஆராய்ந்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் கவனியாமல் விட்ட புண்ணே அவற்றைத் தின்கிறது என்று காட்டினார். மொலோக்காய்த் தீவின் அர்ச். தமியான் சுவாமியாரும், 1884-இன் கடைசியில், கொதிநீரில் பாதம் வெந்து கொப்பளித்தும் வலி தெரியாததைக் கொண்டே தமக்கும் அந்நோய் கண்டதென்று தெளிந்தார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். வலியை அறிந்து, மனமுவந்து ஏற்பது தவம். தெரியாத வலியை ஒருவன் எப்படி ஒப்புக்கொடுப்பான்? அவன் கொடுப்பது வலியையன்று, பாதத்தையே. ஐந்தாங் கற்பனை பிறர் உயிருக்கு மாத்திரமல்ல, நம் சரீரத்துக்கும் காவல். ஆகையால் அவன் செருப்பணிந்தே நடக்க வேண்டும் என்பது என் துணிபு. பொருத்தனை செய்துவிட்டேனே என்று கலங்கினால் பங்குச் சுவாமியாரிடம் சொல்லட்டும். அதை நீக்கவும், வேறு நற்செயலாக மாற்றிக் கொடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் மெய்யான தடை பொருத்தனையா, வாசகரே? வெட்கமல்லவா? ஏன் செருப்பு என்று ஒருவர் கேட்பார். சொன்னால் ஊர் அறியும். ஊர் அறிந்தால் மகள் கலியாணம் நிற்கும். இந்தப் பயத்தினால் அவன் கூட்டத்தோடு வெறுங்காலாய் நடக்கிறான்.

முன்னோர் பாவம் என்பாரும் உண்டு. பிறவிக் குருடனைக் குறித்து அப்படிக் கேட்கப்பட்டபோது, நம் ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். இவ்வியாதியில் பெரும்பான்மையான வகை, தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே, பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரக்கூடியது. ஆண் பெண் பேதமில்லை. சொந்தத்தில் மணம் செய்ததால் வருவது அரிதான வேறு சில வகைகளே.

அப்படியானால் மறைக்கலாமா? ஊருக்கெல்லாம் பறைசாற்றக் கடமையில்லை. சம்பந்தம் பேச வரும் வீட்டாருக்குச் சொல்லக் கடமையுண்டு. அது கசப்பானது, சில சம்பந்தம் தவறிப்போகலாம். ஆனாலும் சொல்லாமல் முடித்த கலியாணத்தின் சேதம் பேரக்குழந்தையின் காலில் போய் விழும். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. செந்துறை, ஆண்டிமடம் பக்கத்துப் பிள்ளையானால் முந்திரிக்கொட்டை உடைக்கும். கொட்டையின் எண்ணெய் தோலைப் பொத்துவிடும் என்பதை நம் கை நமக்குச் சொல்லும். மரத்த கை சொல்லாது.

நமக்கும் இதில் பங்குண்டு. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் காய்ந்த கல்தளத்தின்மேல் ஓடி வருகிறோமே, அது நமக்கு நாலு எட்டு; அவனுக்கு ஒரு மாதப் புண். அவன் செருப்போடு உள்வாசல் வரை வந்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

வீட்டில் செய்யவேண்டியவை எளியவை. இரவுச் செபம் முடிந்தபின் விளக்கைக் கிட்ட வைத்து, விரலிடுக்கு வரை பாதத்தைப் பார்க்க வேண்டும். அடிப்பாதத்துக்குக் கண்ணாடி உதவும். இல்லையேல் மனைவியோ மகனோ பார்க்கட்டும். குளிக்கும் வெந்நீரைக் காலால் சோதிக்கலாகாது. முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். செருப்பை மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டி, அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் கருவேல முள் செருப்பையும் துளைத்துக்கொண்டு மேலே வரும்.