பொறுமையும் பாத்தியதையும்



நம் வர்த்தகத் தோழர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஆண் மகவு பிறந்தது. பிரசவம் எளிதாக இல்லை. தலை வெளிவந்த பின்னர் தோள் சிக்கிக்கொண்டது. பிள்ளை உயிருடன் வந்தது; ஆனால் வலக்கை அசையவில்லை. இரண்டொரு வாரம் கழித்து அவரைக் கடையில் கண்டு ஆறுதல் கூறினேன். "என்ன நடந்ததென்று ஆஸ்பத்திரியில் விசாரித்தீர்களா, தம்பி?" என்றும் கேட்டேன்.

"எதற்கு நானா? எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். டாக்டரம்மாவும் நல்லவர்கள். நான் மன்னித்துவிட்டேன். கோர்ட்டு, கேஸ் என்று போய்ப் பிள்ளையின் கையை விலை பேச எனக்கு மனமில்லை" என்றார்.

அவர் சொல்லில் பொறுமை இருந்தது, பெருந்தன்மையும் இருந்தது. மறுத்துப் பேச என் நா எழவில்லை. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி என்னை விடவில்லை. தகப்பனார் மன்னித்தாரே, அது யாருடைய கடன்?

இதனை ஆராயுமுன் மருத்துவர்களுக்கு நியாயம் செய்வது நம் கடமை. பிறவியில் காணும் குறை யாவும் பிறரால் நேர்ந்ததல்ல. 1861ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில், குழந்தைகளின் மூளைவாதத்திற்குக் கடினமான பிரசவமே காரணம் என்று உரைத்தார். 1897இல் சிக்மண்ட் பிராய்டு அதனை ஐயுற்றார். கருவிலேயே தொடங்கிய கோளாறுதான் பிரசவத்தையும் கடினமாக்கியிருக்கலாம் என்பது அவர் கருத்து. பிற்கால ஆராய்ச்சிகள் பெரும்பாலும் பிராய்டின் பக்கமே சாய்ந்தன. பிரசவ வேளையில் பிராணவாயு குறைந்ததால் வரும் மூளைவாதம் சிறுபான்மையே என்று இன்று அறிகிறோம்.

நம் தோழரின் பிள்ளைக்கு வந்ததோ கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றையின் காயம். 1874இல் இதனை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் எர்பின் பெயராலேயே அது வழங்குகிறது. தலையை அளவு மீறி இழுத்தாலும் அக்காயம் நேரும். யாரும் இழுக்காமல் கருப்பையின் அழுத்தத்தாலும் நேரும். பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்களில் குணமடைகின்றனர். மூன்று மாதமாகியும் முழங்கை மடங்காவிடில் நிபுணரிடம் காட்டியாக வேண்டும்.

ஆகவே காயம் வேறு, குற்றம் வேறு. சட்டமும் அப்படியே கூறுகிறது. தக்க மருத்துவர் கூட்டம் ஒன்று முறையென ஏற்கும் வழியில் நடந்த டாக்டர் கவனக்குறைவுக்குக் குற்றவாளியாகார் என்று 1957இல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் சொல்லப்பட்டது. அந்நாட்டில் 1970இல் ஆயுதமிட்டு எடுக்க முயன்ற பிரசவம் ஒன்றில் குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது. அவ்வழக்கு 1980இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. தவறு நேர்ந்தது என்று காட்டினால் மட்டும் போதாது; அத்தவற்றால்தான் இக்காயம் விளைந்தது என்பதையும் வழக்காடுவோரே நிரூபிக்க வேண்டும்.

ஆனால் தாய்க்கு எதனைச் சொல்ல வேண்டும் என்பதில் சட்டம் மாறியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1999இல் நீரிழிவுள்ள, உயரம் குறைந்த தாய் ஒருவருக்குப் பிரசவம். அத்தகைய தாய்மாருக்குத் தோள் சிக்கும் அபாயம் நூற்றுக்கு 9 முதல் 10 வரை. டாக்டர் அதனைக் கூறவில்லை. கூறினால் பெண்கள் அறுவை கேட்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். தலை வந்து உடல் வருவதற்கு 12 நிமிடங்கள் சென்றன. பிள்ளைக்கு மூளைவாதம்; கையிலும் முடக்கம். கீழ்க் கோர்ட்டுகள் தள்ளிவிட்ட வழக்கை 2015இல் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் ஏற்று, தாயின் உடல் பற்றிய முடிவு தாயுடையதே என்று தீர்ப்பளித்தது. நஷ்ட ஈடு 52 லட்சத்து 50 ஆயிரம் பவுன்.

நம் நாடுகளிலும் இவ்வாறே. மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம் 2017இல், சிகிச்சைக்குப் பழைய போலம் அளவுகோலும், அபாயத்தை அறிவிப்பதற்கு நோயாளியின் நிலையிலிருந்து நோக்கும் வேறு அளவுகோலும் பொருந்தும் என்றது. சிங்கப்பூரில் 2022 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டத் திருத்தம், தக்க மருத்துவர்களின் கருத்தைப் பார்ப்பதோடு, நோயாளி அறிந்து முடிவெடுக்க வேண்டிய செய்தி எது என்பதையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். காயம் பட்டது யார்? தகப்பனாரல்லர், பிள்ளை. ஆதலின் வழக்கில் பாத்தியதை பிள்ளைக்கே. பெற்றோர் அதன் சார்பில் நிற்கும் பிரதிநிதி மட்டுமே. அவர்கள் எதிர்தரப்பாருடன் சமாதானம் பேசி ஒரு தொகைக்கு ஒப்பினாலும், மலேசியாவிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி, கோர்ட்டு அங்கீகரித்தாலன்றி அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது.

வியாபாரிகளாகிய நமக்கு இது புதிதன்று. கூட்டாளி ஒருவர் இறந்துவிட, அவருடைய எத்தீம் பிள்ளையின் பங்கு நம் கடையில் அமானிதமாக இருக்கிறதென வைத்துக்கொள்வோம். நமக்கு வரவேண்டியதை வறியவர் ஒருவருக்கு நாம் விட்டுக்கொடுத்தால் அது தர்மம். அந்தப் பிள்ளைக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன? பொறுமை நம்முடையது, அதனை எவ்வளவும் செலவிடலாம். பாத்தியதை பிள்ளையுடையது, அதில் கை வைக்க நாம் யார்?

"கையை விலை பேசுவதா?" என்றார் தோழர். கைக்கு விலை இல்லை, மெய்தான். ஆனால் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு விலையுண்டு. சக்கர நாற்காலிக்கும், தனிப் பள்ளிக்கும், உடனிருந்து பார்ப்பவர் சம்பளத்திற்கும் விலையுண்டு. தாயும் தகப்பனும் மறைந்த பின் அப்பிள்ளை யார் கையை எதிர்பார்க்கும்? நஷ்ட ஈடு என்பது அந்த நாட்களுக்கான சாப்பாடு.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு சொல். நிலுவை எவ்வளவு என்று பேரேட்டைப் பாராமல் கடனைத் தள்ளுபடி செய்யும் வியாபாரி உண்டா? ஆஸ்பத்திரியிலும் ஒரு பேரேடு உண்டு. தலை எப்போது வந்தது, உடல் எப்போது வந்தது, தாயின் கால்களை மடக்கினார்களா, அடிவயிற்றில் அழுத்தினார்களா என்பன அதில் இருக்க வேண்டும். அக்குறிப்புகளைக் கேட்டுப் பெற்று, வேறொரு நிபுணரிடம் காட்டி, பின் வக்கீலை நாடுவதே முறை. கெடுவும் உண்டு. மலேசியாவில் சர்க்கார் ஆஸ்பத்திரியானால் 36 மாதம். தனியார் ஆஸ்பத்திரியானால் பொதுவாக ஆறு ஆண்டு. சிங்கப்பூரில் பொதுவாக மூன்று ஆண்டு. சிறுவருக்குரிய சலுகை எல்லா வழக்குக்கும் பொருந்துமென நம்பிக் காலம் கடத்தலாகாது. மருத்துவ மன்றத்தில் புகார் செய்தால் டாக்டரைத் தண்டிக்கலாம். பிள்ளைக்குப் பணம் வராது.

இன்னொன்றும் சிந்திக்கத் தக்கது. ஜப்பான் 2009 முதல், பிரசவத்தையொட்டி மூளைவாதம் கண்ட, விதிகளுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, யார் குற்றம் என்று கேளாமலே மூன்று கோடி யென் வழங்க ஏற்பாடு செய்தது. காரணத்தையும் தனியே ஆராய்கிறார்கள். ஒரு டாக்டரைக் குற்றவாளியாக்கினால்தான் ஒரு பிள்ளை பிழைக்கலாம் என்னும் நிலை டாக்டருக்கும் நல்லதன்று, தகப்பனாருக்கும் நல்லதன்று.

நம் தோழர் பின்னர் குறிப்புகளை வாங்கினார். வேறோர் ஊர் நிபுணர் அவற்றைப் படித்து, முறைப்படியே எல்லாம் நடந்திருக்கிறது, யார் மீதும் குறை காண்பதற்கில்லை என்றார். வழக்கு எழவில்லை. பிள்ளையின் கை முக்கால் பங்கு தேறிவிட்டது. "செலவுதான் மிச்சம், நானா" என்று சிரித்தார் அவர். சற்றுப் பொறுத்து, "நாளை அவன் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது" என்றார்.

அந்தக் காகிதம் பிள்ளைக்கு நாம் ஒப்படைக்க வேண்டிய கணக்கு. நம்மில் எத்தனை பேர் அதனை வைத்திருக்கிறோம்? சிந்திப்போமாக.