கட்டும் அவிழ்ப்பும்

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், கடல்கட்டி வந்து சேராமல் எவரும் நீரில் இறங்கியதில்லை. மன்னாரின் அரிப்பு ஊர்க் கரையில் பிரித்தானிய அரசின் அதிகாரிகள் இருந்தார்கள், காவலர்கள் இருந்தார்கள், கடலோரம் நெடுக வந்த படகுகள் காத்து நின்றன. சுறாவின் வாயைக் கட்டுகிற அந்த ஒருவர் வராவிட்டால் தொழில் தொடங்காது. அது தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் பரம்பரைப் பதவி. முத்துக்குளிப்பவரின் நிலையை நினைத்துப் பார்த்தால் இந்தப் பிடிவாதம் விளங்கும். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் ஒரு காலை வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, கல்லின் பாரத்தோடு அவர் அடிக்குப் போவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அதற்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வாரிக் கூடையில் போட்டுக் கயிற்றைச் சுண்டவேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பக்கத்தில் நிழல் ஒன்று அசைந்தால் அவருக்கு ஓட இடமில்லை, கத்தக் காற்றும் இல்லை. சுறா மந்திரத்துக்குக் கட்டுப்பட்டதா என்று கேட்டால், இல்லை என்பதே என் விடை. அதை ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சுறாவைக் கட்டாத அந்தச் சடங்கு யாரை எதனோடு கட்டியது? அது கரையில் நின்றவரைக் கடலுக்குள் இருந்தவரோடு கட்டியது என்றும், அதனாலேயே அது சமயம் என்ற பெயருக்குத் தகுதியானது என்றும் நான் கருதுகிறேன்.

சான்றுகள் பிறநாட்டாரின் எழுத்தில்தான் அதிகம் கிடைக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடல் வழியே போன மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டும் பார்ப்பனருக்கு முத்து வணிகர் இருபதில் ஒரு பங்கும் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் கொடுத்ததாகச் சொல்கிறார். அவர் சொல்லும் இன்னொரு செய்தி எனக்கு முத்தைவிடப் பெறுமதியானது. கட்டு அன்றைய பகலுக்கு மட்டும்தான். இருட்டியதும் கட்டியவர்களே அதை அவிழ்த்துவிடுவார்கள், மீன்கள் தம் விருப்பம்போலத் திரியும். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட பிரித்தானியப் படை அதிகாரி றொபேர்ட் பேர்சிவல், காலையிலிருந்து படகுகள் திரும்பும்வரை மந்திரக்காரர் கரையில் நின்று ஓதவேண்டும் என்றும், அவ்வளவு நேரமும் அன்னந் தண்ணீர் தொடக்கூடாது, தொட்டால் மந்திரம் பலிக்காது என்றும் எழுதுகிறார். சிலர் கள் குடித்து நிற்கமுடியாமல் விழுந்ததையும் அவர் விடவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, குடியேற்ற அரசின் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ட் வந்து பார்த்தபோது அந்தப் பரம்பரையின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். எந்தச் சமயத்தவர் கட்டினாலும் கட்டின் வலு குறையாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்தத் தலைவருக்கு அப்போது சுகமில்லை, தன் சார்பில் ஒருவரை அனுப்பியிருந்தார். வந்தவர் மறைக்காமல் சொன்னார்: இரகசிய மந்திரம் எனக்குத் தெரியாது, ஆனால் பெரியவரின் சார்பில் நான் இங்கே நிற்பதைச் சுறாக்கள் மதிக்கும்.

இந்தப் பதிலைப் படித்துச் சிரித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். எனக்கு அது நேர்மையான பதிலாகவே படுகிறது. மந்திரம் தெரியாத ஒருவரைக் குளிப்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அவர்கள் தேடியது மந்திரத்தின் சொற்களை அல்ல, ஒருவர் தங்களுக்காகக் கரையில் நிற்பதை. கள் குடித்தவர் ஏன் தவறியவர் ஆனார் என்பதும் இதனால் விளங்குகிறது. இன்னொருவன் மூச்சடக்கிக் கிடக்கும்போது தன் தொண்டையை நனைத்ததுதான் அவர் செய்த குற்றம். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் விரதம் பிடிக்கும் தாயை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் இல்லை. அவள் பட்டினியால் காய்ச்சல் இறங்கும் என்ற வைத்தியம் எந்த ஏட்டிலும் கிடையாது. பிள்ளை படுகிற பாட்டில் ஒரு பங்கைத் தன் உடம்பில் ஏற்றுக்கொள்கிறாள், அவ்வளவுதான். கடல்கட்டியின் நோன்பும் அதே இனம்.

முதல் மறுப்பு ரெனன்டிடமிருந்தே வருகிறது. அந்தக் கடலில் சுறா ஏராளமாக இருந்தும், பிரித்தானியர் ஆட்சியில் முத்துக்குளிப்பின்போது உறுதியாக அறியப்பட்ட விபத்து ஒன்றுக்கு மேல் இல்லை என்கிறார் அவர். படகுகளின் கூட்டமும், ஆள்களின் ஆரவாரமும், ஓயாமல் விழும் கற்களும் சுறாக்களை வெருட்டியிருக்கும் என்பது அவர் ஊகம். சரியாகவே இருக்கலாம். அப்படியென்றால் கடல்கட்டி எதற்கு? மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியின் விடை பெயர்பெற்றது. பசிபிக்கின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் ஆபத்தில்லாத களப்பு மீன்பிடிக்கு மந்திரம் இல்லை, நிச்சயமற்ற ஆழ்கடல் மீன்பிடிக்குத்தான் உண்டு, ஆகவே மந்திரம் அச்சத்துக்கு மருந்து என்றார். இதில் பாதியை ஏற்கிறேன். அச்சம் மட்டும்தான் காரணம் என்றால், குளிப்பவரின் கையில் ஒரு நூலைக் கட்டிவிட்டால் போதும். நூல் கட்டுவதும் காவல் பண்ணுவதும் நம் கரைகளுக்குப் புதியவை அல்ல. இறங்குகிறவருடைய அச்சத்துக்கு வேறொருவர் ஏன் கரையில் பட்டினி கிடக்கவேண்டும்? போட்ட கட்டை ஏன் இரவில் அவிழ்க்கவேண்டும்? களவாகக் குளிப்பவரை வெருட்டத்தான் அவிழ்த்தார்கள் என்று சொல்லலாம், அந்த நோக்கமும் இருந்திருக்கும். அதன் உட்பொருளோ வேறு: கடல் பகலில் மனிதருக்குக் கடனாகக் கிடைத்தது, இரவில் அதன் உரியவருக்குத் திரும்பியது.

நம் காலத்தின் கடல்கட்டிகளைப் பார்த்தால் இந்த வேறுபாடு துலங்கும். தெற்கு அவுஸ்திரேலியா, கலிபோர்னியா, தென்னாபிரிக்கா ஆகிய இடங்களின் குளிர்ந்த கடலில் ரப்பர் உடை அணிந்து அலைச்சறுக்கில் ஈடுபடுகிறவர்கள் வெள்ளைச் சுறாவின் வீட்டுக்குள் போகிறார்கள். 2023இல் உலகம் முழுவதிலும் சீண்டாமல் சுறா கடித்த சம்பவங்கள் 69, அவற்றில் இறந்தவர்கள் 10 பேர். மனிதரால் ஆண்டுதோறும் கொல்லப்படும் சுறாக்கள் ஏறத்தாழ 10 கோடி என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. மேற்கு அவுஸ்திரேலியாவில் மூன்று ஆண்டுகளுக்குள் 7 பேர் இறந்ததும், மாநில அரசு 2014இல் இரை மாட்டிய தூண்டில்களைக் கடலில் நிறுத்தியது. 68 சுறாக்கள் கொல்லப்பட்டன. எந்த வெள்ளைச் சுறாவுக்கு அஞ்சித் தூண்டில் போட்டார்களோ, அதில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. சிட்னிக் கடற்கரைகளில் 1937 முதல் சுறா வலை போடுகிறார்கள். ஒரு வலை 150 மீற்றர் நீளம், 6 மீற்றர் உயரம். கடற்கரை முழுவதையும் அது மறிப்பதில்லை. மேலாலும் கீழாலும் பக்கத்தாலும் சுறா வரலாம், கரைப்பக்கம் வந்துவிட்டுத் திரும்பும்போது சிக்குகிறவையும் உண்டு, ஆமையும் ஓங்கிலும் சேர்ந்து சாகின்றன. நோக்கத்தில் இதுவும் அச்சம் தீர்க்கும் சடங்குதான். கடல்கட்டி தன் வயிற்றைக் காயப்போட்டார். இங்கே செலவு முழுவதும் மீனின் தலையில். வலை கிடக்கும் காலமெல்லாம் இரவிலும் கிடக்கிறது, அவிழ்ப்பு என்பது இல்லை. அந்த 2014ஆம் ஆண்டில் பேர்த் நகரின் கொட்டஸ்லோ கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு தூண்டில்களை எடுக்கச் சொன்னார்கள், அலைச்சறுக்குபவர்களும் அவர்களோடு நின்றார்கள். ஆபத்துக்குள் போகிறவர்களே சுறாவுக்காகப் பேசியதில், மார்க்கோ போலோ கண்ட இரவு அவிழ்ப்பின் குரல் எனக்குக் கேட்கிறது.

இரண்டாம் மறுப்பு கடுமையானது, நம் சொந்தச் சமயங்களிலிருந்து வருவது. சைவ சித்தாந்தம் கற்ற ஒருவர் கேட்பார்: பிராரத்தம், அதாவது இப்பிறவியில் பலன் தரவந்த வினை, அனுபவித்தே தீரவேண்டியது என்றால் கட்டினால் என்ன, கட்டாவிட்டால் என்ன? உயிர்தான் பசு, அதைக் கட்டியிருப்பது பாசம். தானே கட்டுண்டு கிடக்கும் ஒரு பசு இன்னொரு பசுவைக் கட்டுவதாகச் சொல்வது பதியாகிய இறைவனின் இடத்தில் தன்னை வைப்பதல்லவா? நல்லூர் ஆறுமுக நாவலர் உயிர்ப்பலியையும் ஆகமத்துக்கு ஒவ்வாத வழிபாடுகளையும் கண்டித்ததும் இங்கே நினைவுக்கு வரும். தன்னை வழிபடச் சொல்லும் கடவுளிடம் போகாமல் மந்திரத்தை நாடுவது கற்பனைக்கு மாறு என்று கத்தோலிக்கக் குருவும் சொல்வார். இறைவனை வசப்படுத்தப் பார்க்கும் மந்திரத்துக்கு எதிராக இந்த மறுப்பு முற்றிலும் சரி. ஆனால் நம் கரையோர மக்களின் பக்தி கடலின் உயிர்களை அடிமையாக எண்ணியதில்லை. பட்டினப்பாலையின் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை மணலில் நட்டு அதில் தெய்வத்தை நிறுத்தி வழிபடுகிறார்கள். தாங்கள் பிடிக்கும், தங்களைப் பிடிக்கக்கூடிய மீனின் கொம்பே அங்கே சந்நிதானம். வல்லிபுர ஆழ்வார் கோயிலின் தலக்கதையில் திருமால் கடலிலிருந்து மீனாக வருகிறார். இன்றும் புரட்டாதியில் ஊரே அவரோடு கடலுக்கு நடந்து தீர்த்தமாடுகிறது. சுறாவும் ஒரு பசு, அதற்கும் பசியும் பிராரத்தமும் உண்டு என்று அறிந்தவர்கள், பகலில் மட்டும் விலகி நில் என்று கேட்டு, மாலையில் விட்டுவிடுகிறார்கள். இதைப் பதியின் அதிகாரத்தைப் பறிப்பது என்று எப்படிச் சொல்வது? அவிழ்க்கத் தெரிந்தவர் தன் கட்டின் எல்லையை அறிந்தவர். பாசையூரிலும் குருநகரிலும் படகு இறக்குமுன் சிலுவைக் குறியிடுகிறவரும், கச்சதீவில் அந்தோனியாரிடம் நேருகிறவரும் காற்றுக்குக் கட்டளையிடவில்லை. தாங்கள் திரும்பிவருவது தங்கள் கையில் மட்டும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். தலைவிதியோடு சண்டை பிடிப்பதற்கும் இதற்கும் வெகுதூரம்.

மூன்றாவது மறுப்புத்தான் என்னை மிகவும் சங்கடப்படுத்துவது. அரசு கடல்கட்டியை வைத்திருந்தது பக்தியாலா? அவர் இல்லாவிட்டால் ஆள்கள் இறங்கமாட்டார்கள், இறங்காவிட்டால் வருமானம் இல்லை. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. மூச்சு அவர்களுடையது, முத்தில் பெரும்பகுதி இன்னொருவருடையது. ஆயிரக்கணக்கானோர் நெருங்கிக் கிடந்த முத்துக்குளிப்பு முகாம்களில் வாந்திபேதி கொன்றவர்களோடு ஒப்பிட்டால் சுறா கொன்றது சொற்பம். வாந்திபேதியைக் கட்ட அந்தக் கரையில் எவரும் நோன்பிருந்ததாக நான் அறியேன். கண்ணுக்குத் தெரிந்த ஆபத்துக்குச் சடங்கைக் காட்டி, தெரியாத ஆபத்தை மூடிவைத்தார்கள் என்று ஒருவர் குற்றஞ்சாட்டினால் நான் மறுக்கமாட்டேன். ஆயினும் அந்தக் குற்றம் விழவேண்டியது நோன்பிருந்தவர் மேல் அல்ல. அந்தக் கரையில் நின்ற எல்லோரிலும், உள்ளே போனவரின் உயிருக்காகத் தன் வயிற்றைக் காயப்போடும் கடமை விதிக்கப்பட்டிருந்தது கடல்கட்டிக்கு மட்டும்தான். அதிகாரிக்கும் வணிகருக்கும் அந்தக் கடமை இல்லாமல் போனதுதான் அநீதி. சடங்கை ஒழித்திருந்தால் அது தீர்ந்திருக்காது, அந்தக் கடமையை எல்லோருக்கும் விரித்திருந்தால் தீர்ந்திருக்கும்.

முத்துக்குளிப்பு ஓய்ந்து தலைமுறைகள் போய்விட்டன. சுறாவின் கதையும் தலைகீழாகிவிட்டது. பட்டினப்பாலைக் காலத்தில் தெய்வமாக நின்ற கொம்புச் சுறாவை, வேளா என்று நாம் சொல்வதை, இன்று இந்தக் கடல்களில் காண்பதே அரிது. கசாரிச் சுறாக்களைப் பிடிப்பதை இலங்கை அரசு 2012இல் தடைசெய்யவேண்டி வந்தது. யாழ்ப்பாணத்து அடுப்பங்கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா வறை செய்து கொடுப்போம்: மீனை அவித்து, தோலும் முள்ளும் நீக்கி, பிழிந்து உதிர்த்து, மஞ்சளும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்தெடுப்பது. ஒரு காலம் நம் உயிரை எடுக்கும் என்று அஞ்சிய மீன், நம் பிள்ளைக்குப் பாலாகிறது. அதற்கு நாம் பட்ட கடனை அடைக்க இரவு அவிழ்ப்பைப்போல ஏதாவது ஒன்று நம்மிடம் மிஞ்சியிருக்கவேண்டும்: குட்டி போடும் காலத்தில் விட்டுவைப்பதாவது, சினைச் சுறாவைத் திருப்பி விடுவதாவது.

நீருக்குள் இறங்குகிறவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள். கடலட்டைக்காக யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அட்டை காய்ந்து கப்பலேறி வெளிநாட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போகிறது. அவர்களுக்கு ஆபத்து சுறாவால் அல்ல. ஆழத்தில் கனநேரம் நின்று சட்டென்று மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழியாகி மூட்டையும் முள்ளந்தண்டையும் முடக்கிவிடும். மீதி வாழ்நாளைச் சக்கர நாற்காலியில் கழிக்கவேண்டியும் வரலாம். இந்த ஆபத்துக்கு ஒரு கடல்கட்டி வேண்டும், அவருக்கு மந்திரம் தெரிந்திருக்கத் தேவையில்லை. படகுக்குச் சொந்தக்காரர்களிடமும், அட்டை வாங்கும் முதலாளிகளிடமும், சங்கங்களிடமும், கோயில் சபைகளிடமும் பங்குகளிடமும் கேட்பது இதுதான்: உங்கள் பிள்ளைகள் உள்ளே இருக்கும்வரை கரையில் ஒருவரை நிறுத்துங்கள். எத்தனை பாகம் ஆழம், எவ்வளவு நேரம், இன்று எத்தனையாவது தரம் என்று அவர் எழுதிவைக்கட்டும். கை கால் விறைத்து ஒருவன் மேலே வந்தால் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வாகனமும், அவன் படுக்கையில் கிடக்கும் மாதங்களுக்கு வீட்டுக்குப் போகவேண்டிய அரிசியும் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.