வாழ்த்தத் தெரிந்த விருந்தாளி

வெளிநாடு செல்வோருக்கென்று அச்சிடப்படும் சொற்றொடர்க் கையேடுகளைப் புரட்டினால், அவற்றிலுள்ள வாக்கியங்களில் பெரும்பாலானவை எதையாவது கேட்பதற்காகவே அமைக்கப்பட்டிருப்பது தெரியும். விலை என்ன, கழிப்பறை எங்கே, பேருந்து எத்தனை மணிக்கு என்று நீளும் அந்தப் பட்டியல், பயணியை ஓயாத தேவைகள் உடையவராகவும், அந்நாட்டு மக்களை அத்தேவைகளைத் தீர்த்து வைப்போராகவும் கருதி எழுதப்பட்டது. துருக்கிக்குப் புறப்படுமுன் அந்நாட்டு மொழியில் கொஞ்சம் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் இந்தப் பட்டியலோடு நின்றுவிட்டால், அம்மொழி அயலாருக்காகத் திறந்து வைத்திருக்கும் பெரிய வாசலைக் காணாமலே திரும்ப நேரும். துருக்கியத்தில் அன்றாடம் புழங்கும் தொடர்களில் கணிசமானவை பிறருக்கு ஒரு நன்மையை வேண்டி வாழ்த்துபவை.

இத்தொடர்களைத் துருக்கியர் ‘கலுப் சோஸ்லெர்’ என்பர். வார்ப்பு அச்சில் ஊற்றி எடுத்தாற்போல மாறாத வடிவமுடைய சொற்கள் என்பது அதன் கருத்து. நோயுற்றவரிடமும் விபத்தில் தப்பியவரிடமும் ‘கெச்மிஷ் ஓல்சுன்’, அதாவது ‘கடந்து போனதாகுக’ என்கிறார்கள். சமைத்துப் பரிமாறியவரிடம் ‘எலினிஸே சாலுக்’, ‘உங்கள் கைக்கு நலம்’ என்கிறார்கள். குளித்து வந்தவருக்கும் முடிதிருத்திக்கொண்டு வந்தவருக்கும்கூட ஒரு வாழ்த்து உண்டு. டெபோரா டானென், பியாலே ஜோமெர்ட் ஓஸ்தெக் என்ற இருவர் துருக்கியத்திலும் கிரேக்கத்திலும் வழங்கும் இவ்வகைத் தொடர்களை ஒப்பிட்டு 1977இல் எழுதிய ஆய்வுரை, மொழியியலில் இப்பொருள் குறித்து இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இவற்றின் வினைவடிவம் அயலாகத் தோன்றாது. ‘ஓல்சுன்’, ‘கெல்சின்’ என முடியும் சொற்கள், ‘ஆகுக’, ‘வருக’ என்னும் நம் வியங்கோள் வினை செய்யும் வேலையையே செய்கின்றன.

இவற்றுள் ஒன்றே ஒன்றைத்தான் கற்க நேரம் இருக்கிறதென்றால், அது ‘கொலாய் கெல்சின்’ என்பதாக இருக்க வேண்டும். ‘எளிதாக வரட்டும்’ என்பது அதன் சொற்பொருள். வேலையில் ஈடுபட்டிருக்கும் எவரையும் கடந்து செல்கையில் அவருக்குச் சொல்வது. தெருக்கூட்டுபவர், சுவருக்குச் சாந்து பூசுபவர், அடுப்பில் ரொட்டி சுடுபவர், வங்கியில் கணக்கெழுதுபவர், தேர்வுக்குப் படிக்கும் மாணவர் என எல்லோருக்கும் இது பொருந்தும். சொல்பவர் அறிமுகமானவராக இருக்க வேண்டியதில்லை, எதையும் வாங்க வேண்டியதுமில்லை. இந்த வாழ்த்தைச் சொல்லப் பழகியவர், அதைச் சொல்வதற்காகவேனும், உழைத்துக்கொண்டிருக்கும் மனிதர் யாரென்று பார்க்கத் தொடங்குகிறார். மசூதிகளின் குவிமாடங்களையும் கோட்டைகளையும் காண வந்த கண், அவற்றின் அடியில் குனிந்து கல் பதித்துக்கொண்டிருப்பவரையும் காணத் தொடங்குவது சிறிய மாற்றம் அன்று. ஒரு மொழியின் சில தொடர்களைக் கற்பதால் என்ன கிடைத்துவிடப் போகிறது என்று கேட்போருக்கு இதுவே போதுமான விடை.

தமிழர்களுக்கு இம்மொழி கற்பதில் சில தனிச் சலுகைகள் உண்டு. வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. வேர்ச்சொல்லின் பின் ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ‘எல்’ என்றால் கை, ‘எலினிஸ்’ என்றால் உங்கள் கை, ‘எலினிஸே’ என்றால் உங்கள் கைக்கு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், துருக்கியத்தை உள்ளடக்கிய ஒரு பெருந்தொகுதியைச் ‘சித்தியம்’ என்று குறிப்பிட்டு, அதனோடு திராவிட மொழிகளுக்கு உறவுண்டு என வாதிட்டார். இன்றைய மொழியியலாளர் அக்கருத்தை ஏற்பதில்லை என்றாலும், அவரை அவ்வாறு எண்ணத் தூண்டிய அமைப்பு ஒற்றுமை கற்போருக்கு இன்றும் உதவுகிறது. புள்ளியில்லாத லத்தீன் ‘ஐ’ (ı) என எழுதப்படும் துருக்கிய உயிரொலி ஐரோப்பியர் பலருக்கு நாவில் வராது. ‘காசு’, ‘பாட்டு’ என்னும் சொற்களின் இறுதியில் ஒலிக்கும் குற்றியலுகரம் ஏறக்குறைய அதுவே. முன்பின் அறியாதவரை ‘ஆபி’ (அண்ணன்), ‘ஆப்லா’ (அக்கா), ‘தெய்ஸே’ (தாயின் உடன்பிறந்தவள்), ‘அம்ஜா’ (தந்தையின் உடன்பிறந்தவன்) என முறைசொல்லி அழைக்கும் வழக்கத்தையும் தமிழருக்கு விளக்க வேண்டிய தேவையில்லை. எழுத்தும் தடையாகாது; 1928இல் அரபு எழுத்துகளை விடுத்து லத்தீன் எழுத்துகளுக்கு மாறியபோது ஒலிக்கேற்ற எழுத்து என்ற நெறியில் 29 எழுத்துகள் வகுக்கப்பட்டதால், சில மணிநேரப் பயிற்சியில் பெயர்ப்பலகைகளை வாசித்துவிடலாம்.

கொச்சை வழக்கின் நிலை வேறு. இளைஞர்கள் பயணத்துக்கு முன் மிகுந்த ஆர்வத்தோடு தேடுவது இதைத்தான். அந்த ஆர்வத்தில் குறையேதும் இல்லை, ஏனெனில் துருக்கியக் கொச்சை ஒரு நாட்டின் மறைந்த வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. மொழியிலிருந்து அரபு, பாரசீகச் சொற்களை நீக்கும் பணியை 1932இல் நிறுவப்பட்ட துருக்கிய மொழிக் கழகம் மேற்கொண்டு, அகராதியையே பெருமளவு மாற்றியமைத்தது. ஆனால் ‘ஆர்கோ’ எனப்படும் தெருவழக்கு எவருடைய சீர்திருத்தத்துக்கும் காத்திருக்கவில்லை. முதியவரைக் குறிக்கும் ‘மொருக்’ ஆர்மீனிய மொழியிலிருந்தும், ‘ஓடிப்போ’ என விரட்டும் ‘நாஷ்’ ரொமானி மக்களின் மொழியிலிருந்தும், வெற்றுப் பேச்சைச் சுட்டும் ‘பலாவ்ரா’ ஸ்பானியத்திலிருந்தும், முரடர்களின் எழுதப்படாத சட்டத்தைச் சுட்டும் ‘ராஜொன்’ இத்தாலியத்திலிருந்தும் வந்தவை. பல இனத்தார் ஒன்றாக வாழ்ந்த இஸ்தான்புல் துறைமுகப் பகுதிகளின் பேச்சு, அம்மக்களுள் பலர் அங்கு அருகிப்போன பின்னும், இன்றைய இளைஞர்களின் வாயில் இவ்வாறு எஞ்சியிருக்கிறது.

எனினும் அறிவது வேறு, ஆளுவது வேறு. ‘லான்’ என்ற ஓரசைச் சொல் நெருங்கிய நண்பர்களிடையே உரிமையின் அடையாளம். அறியாதவரிடம் சொன்னால் அது வசை. ‘கன்கா’ என்பது குருதி உடன்பிறப்பு என்ற பொருளுடைய தொடரின் சுருக்கம். கூடித் திரிந்தவர்கள் ஒருவரையொருவர் அவ்வாறு அழைத்துக்கொள்வர். இச்சொற்களுக்குரிய உரிமை ஒன்றாகக் கழித்த காலத்தால் கிடைப்பது. புத்தகத்திலிருந்து எடுத்துச் செல்ல இயலாதது. ஆகவே கொச்சையைக் காதுக்காகக் கற்பதும், வாழ்த்துகளை வாய்க்காகக் கற்பதும் நல்ல முறையாகும். இரண்டுக்கும் இடைப்பட்டது ‘எய்வல்லா’; சூஃபி நெறியினரின் இணக்க மொழியாக இருந்து, இப்போது ஆண்களிடையே நன்றி சொல்லும் எளிய சொல்லாக வழங்குவது. அதைக்கூட முதலில் அவர்கள் சொல்லக் கேட்டபின் சொல்வது பொருத்தம்.

மனப்பாடம் செய்த வாழ்த்து மனத்திலிருந்து வராதது, ஆகவே பொய் என்று ஒரு மறுப்பு எழக்கூடும். இது புதுமையாகப் பேசுவதையே உண்மையாகப் பேசுவதாகக் கொள்ளும் பிழை. தாய்மொழியாளரும் இத்தொடர்களை மனப்பாடமாகவே பெற்றிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மறுமொழியும் வகுக்கப்பட்டிருக்கிறது. ‘ஹோஷ் கெல்தினிஸ்’ என்று வரவேற்கப்பட்டவர் ‘ஹோஷ் புல்துக்’, அதாவது ‘இனிதே கண்டோம்’ என்று விடை கூறியாக வேண்டும். என்ன சொல்வதென்று தவிக்க வேண்டாதபடி முன்னோர் செய்துவைத்த இந்த ஏற்பாட்டில் வந்தவரும் வீட்டாரும் சமமாகப் பங்குகொள்கிறார்கள். நன்றாக உச்சரிக்கப்பட்ட ஒரு தொடருக்கு விடையாக விரைவான பேச்சு வெள்ளமாக வந்து, பயணி திகைத்து நிற்பதும் நிகழும். அதற்கும் ‘துர்க்சேம் ஆஸ்’, ‘என் துருக்கியம் கொஞ்சம்தான்’ என்ற தொடர் இருக்கிறது. அதைச் சொல்வதில் இழிவில்லை.

கையேடுகளின் கடைசிப் பக்கத்தில்கூடப் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு தொடரையும் கற்றே செல்ல வேண்டும். 2023 பிப்ரவரி 6 அன்று தென்கிழக்குத் துருக்கியைத் தாக்கிய நிலநடுக்கங்களில் அந்நாட்டில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தாக்யா, ஆதியமான், கஹ்ரமன்மராஷ் ஆகிய நகரங்களுக்குச் செல்பவர், தேநீர்க்கடையிலோ வாடகைக் காரிலோ பேச்சுக்கிடையே தம் குடும்பத்தாரை இழந்ததைச் சொல்லும் மனிதரைச் சந்திக்கக்கூடும். அந்நேரத்தில் கைபேசியை எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து தேடுவது முறையாகாது. ‘பாஷுனுஸ் சா ஓல்சுன்’ என்பது இறப்புக்கு வருந்தும் தொடர். ‘உங்கள் தலை நலமாயிருக்கட்டும்’ என்பது அதன் சொற்பொருள். எஞ்சியிருப்பவரின் உயிரைக் காக்க வேண்டுவது. ‘தோஸ்த்லார் சா ஓல்சுன்’, ‘நண்பர்கள் நலமாயிருக்கட்டும்’ என்று அவர் விடை கூறுவது மரபு. விலை கேட்கும் வாக்கியங்களில் தடுமாறினாலும் விரலைக் காட்டிச் சமாளித்துவிடலாம். இந்தத் தொடர் மட்டும், ஏட்டைப் பார்க்காமல், எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்த்தபடியே சொல்லும் அளவுக்குப் புறப்படுமுன் பழகியிருக்க வேண்டும்.