பிரித்தலும் பின்னலும்

அருள்மறையின் அந்நஹ்ல் அத்தியாயத்து 92ஆம் வசனம், உறுதியாக நூற்ற நூலைப் பின்னர்த் துண்டு துண்டாகப் பிரித்துவிட்ட ஒரு பெண்ணை எச்சரிக்கை உவமையாக நம் முன் நிறுத்துகிறது. செய்த சத்தியத்தை முறிப்போரைக் குறித்து வந்த உவமை அது. மக்காவில் அவ்வாறு நூற்று நூற்றுப் பிரித்த பேதைப் பெண் ஒருத்தி இருந்தாள் என விரிவுரையாளர் சிலர் உரைப்பர். அங்ஙனமாயின், செய்ததைப் பிரித்தல் எப்போதுமே பழிக்குரியதுதானா? இவ்வினாவுக்கு விடை காண, பெண்டிர் கையிலுள்ள ஓர் எளிய தொழில் நமக்குத் துணை செய்கிறது.

குரோஷாப் பின்னலைச் சொல்கிறோம். நம் சென்னைக்கு இது புதிதன்று. 2016 ஜனவரி 31 அன்று, ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழுவினர் இந்நகரில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை உருவாக்கிக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றனர். அத்துணைப் பெரிய போர்வையும், தொழில் பழகும் ஒருத்தி மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ தன் வீட்டுத் திண்ணையில் முதன்முதல் பின்னும் குழந்தைச் சட்டையும் ஒரே கண்ணியில்தான் தொடங்குகின்றன.

அச்சட்டையின் அமைப்பு மிக எளியது. நீள்சதுரத் துண்டுகள் இரண்டு. தோளிலும் விலாவிலும் இணைத்து, கழுத்துக்கும் கைக்கும் வழி விட்டால் சட்டை ஆயிற்று. மார்புச் சுற்று 40 சென்டிமீட்டர் உள்ள குழந்தைக்கு, தளர்ச்சியும் சேர்த்து, ஒவ்வொரு துண்டும் 22 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் போதும். சென்னை வெயிலுக்குக் கம்பளி ஆகாது. மெல்லிய பருத்தி நூலே ஏற்றது. முதலில் சங்கிலிப் பின்னல். அதன்மேல் வரிசை வரிசையாகக் கண்ணிகள்.

புதிதாய்ப் பழகுவோர் பெரிதும் தவறுவது வரிசையின் ஓரத்தில். கடைசிக் கண்ணி கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு வரிசையில் ஒன்று குறைந்தால் எவரும் அறியார். பத்து வரிசை ஏறியபின் துணி ஒரு பக்கம் சரிந்து குறுகி நிற்கும். அப்போது இரண்டு வழிகளே உண்டு. குறையை மறைத்துத் தைத்துவிடலாம். அல்லது, ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்து, தவறிய இடம் வரையில் பிரித்துவிடலாம்.

“நிய்யத் நன்றாயிருந்தால் போதாதா? பச்சிளங் குழந்தைக்குக் கண்ணியின் கணக்குத் தெரியுமா?” என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் குறைகள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. ஊறு செய்யும் குறை ஒன்று: உட்புறம் கட்டாமல் விட்ட நூல்முனை பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கக் கூடும்; உறுதியின்றித் தைத்த பொத்தான் வாய்க்குள் போகக் கூடும். வளரும் குறை மற்றொன்று: தப்பிய கண்ணி அத்தகையது. மூன்றாவது, காட்சிக்கு மட்டுமான குறை: ஒரு கண்ணி சற்றே பெரிது, ஒன்று சற்றே சிறிது. முதலிரண்டையும் சகித்தல் ஆகாது. அணியப் போகும் உயிர் வாய் திறந்து முறையிட இயலாதது. முறையிட இயலாதவரின் உரிமையே அமானத்துகளில் மிகக் கனமானது. நிய்யத் செயலுக்கு உயிர். செயலின் பழுதுக்குத் திரை அன்று.

மூன்றாவது குறையை விட்டுவிடுவதே அறிவு. அதையும் பொறாமல் மீண்டும் மீண்டும் பிரிப்பவள், ஒளுவை எத்தனை முறை செய்தும் மனம் அமையாதவனைப் போன்றவள். மார்க்க அறிஞர் இதனை வஸ்வாஸ் என்பர். குழந்தை வளர்ந்துவிடும், சட்டை முடியாது.

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயர், நூல் நூற்பவரைக் குறிக்கும் ‘கஸ்ஸால்’ என்ற சொல்லின் வழி வந்தது என்பார் உளர். அவர்கள் தம் இஹ்யாவில் தவ்பாவை இல்மு, ஹால், ஃபிஅல் என மூன்றாக வகுத்தார்கள்: பிழையை அறிதல், அதனால் உள்ளம் நோதல், அந்நோவு தூண்டும் செயல். கண்ணியை எண்ணிக் குறையைக் காண்பது முதலாவது. உழைத்த மாலைப்பொழுதுகள் கையிலிருந்து நழுவுவதைக் கண்டு நெஞ்சு கனப்பது இரண்டாவது. பிரித்து, அதே நூலால் மறுபடியும் பின்னுவது மூன்றாவது. நொந்ததோடு நின்றவர் இடைவழியில் நின்றவரே.

இனி அந்த மக்கத்துப் பெண்ணிடம் திரும்புவோம். வசனத்தின் சொல் ‘கஸ்ல்’. அது நூற்ற நூலைக் குறிப்பது. முறுக்கி உறுதி பெற்ற நூலை அவள் மீண்டும் இழையாக்கினாள்; ஆதலின் அவள் கையில் எஞ்சியது எதற்கும் உதவாத பஞ்சு. குரோஷாவைப் பிரிப்பவள் கையிலோ நூல் அறுபடாமல் திரும்பி வருகிறது. சிறிது சுருண்டிருக்கும், அவ்வளவே. முன்னவள் உறுதியையே குலைத்தாள். பின்னவள் உறுதியைக் காப்பதற்காக உருவைக் குலைத்தாள். நம் வாழ்விலும், கொடுத்த வாக்கு நூல் போன்றது. அதை நிறைவேற்ற நாம் வகுத்த வழி பின்னல் போன்றது. வழி பிழையாயின் பிரிக்கலாம், பிரிக்கவும் வேண்டும். வாக்கையே பிரிப்பதற்கு அதனைச் சாக்காக்குதல் ஆகாது.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் தைத்த சட்டை நொடியில் கிடைக்கும்; ஏழைக்கு அதுவே எளிது, அதில் குறையொன்றும் இல்லை. ஆனால், “உன் குழந்தைக்கு நானே பின்னித் தருகிறேன்” என்று ஒருத்தி சொல்லிவிட்டாளாயின், அச்சொல் அவள் மேல் கடன். நான்கு முறை பிரித்து ஐந்தாம் முறை முடித்தாலும் அவள் சொல் காத்தவளே. ஒரு முறையும் பிரிக்காமல் பாதியில் பெட்டிக்குள் வைத்து மறந்தவளே அந்த மக்கத்துப் பெண்ணுக்கு உறவினள்.