தரிப்பிடமும் மனச்சான்றும்

இயலாமையுடையோருக்கென ஒதுக்கப்படும் வாகனத் தரிப்பிடம் ஏனையவற்றிலும் அகலமானது. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டலின்படி, 2.4 மீற்றர் அகலமுள்ள இடத்தின் அருகே 1.2 மீற்றர் அகலத்துக்குக் கோடிட்ட நிலம் வெறுமையாக விடப்படும். கதவை முற்றாகத் திறந்து சக்கர நாற்காலியை இறக்குவதற்கு அவ்வெறுமை வேண்டும். உரிமையற்ற ஒருவர் "இரண்டு நிமிடந்தானே" என்று தமது வாகனத்தை அங்கு நிறுத்துகையில், அவர் எவரையும் தள்ளிவிடவில்லை. அவர் கண்டது காலியான ஓரிடத்தை மட்டுமே. இத்தவறு இத்துணை எளிதாவதன் காரணமும் அதுவே.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் கைகீஸின் மோதிரம் பேசப்படுகின்றது. அணிந்தவனைப் பிறர் கண்ணினின்றும் மறைக்கும் அம்மோதிரம் கிடைப்பின் நீதிமானும் நெறி தவறுவான் என்பது அங்கு கிளௌக்கோன் எடுத்துரைக்கும் வாதம். தரிப்பிடத்திலோ நிலைமை தலைகீழானது. தவறிழைப்பவர் பட்டப்பகலில் எல்லோரும் காண நிற்கின்றார், மறைந்திருப்பவர் பாதிக்கப்பட்டவரே. இடமின்றித் திரும்பிச் சென்ற அவரை இவர் ஒருபோதும் காணப்போவதில்லை.

அவரைக் காணச்செய்ய முயன்ற கருவியொன்று 2015ஆம் ஆண்டளவில் உலகறியப் பேசப்பட்டது. மொஸ்கோ நகரின் சில வணிக வளாகங்களில், முகப்புக் கண்ணாடியில் உரிய அடையாளம் இல்லாத வாகனம் நுழைவதைக் கமரா கண்டறிந்ததும், மெல்லிய நீர்த்துளித் திரையில் சக்கர நாற்காலியில் அமர்ந்த மனிதரின் ஒளியுருவம் தோன்றிச் சாரதியுடன் பேசியது.

உரிமையுடையவருக்கு மட்டும் தாழும் இரும்புத் தூண் இதனிலும் உறுதியான தடை. ஆயின் அது தவறை இயலாததாக்குமேயன்றிச் சாரதியை நல்லவராக்காது எனலாம். கடமை கடமைக்காகவே ஆற்றப்படல் வேண்டும் என்ற கான்டின் நெறியில் நிற்போர் அவ்வாறு குறைகூறுதல் இயல்பே. மழையில் இடந்தேடி அலைபவருக்கு வேண்டியது இடமேயன்றிப் பிறரது அறவளர்ச்சியன்று. அவரது அன்றாடப் பயணத்தை ஏனையோரின் மனச்சான்றுக்குப் பயிற்சிக்களமாக்குவது இன்னோர் அநீதி.

ஒளியுருவத்தின் மெய்யான குறை வேறொன்று. இயலாமை என்றால் சக்கர நாற்காலியே என அது பார்ப்போருக்குக் கற்பிக்கின்றது. இங்கிலாந்திலோ நீலநிற அட்டைத் திட்டம், புறத்தே புலப்படாத இயலாமையுடையோருக்கும் 2019 ஆகஸ்ட் 30 முதல் விரிவாக்கப்பட்டது. வாகனத்தினின்று இறங்கித் தம் காலாலேயே நடந்து செல்லும் அத்தகையவரிடம் கமரா தேடுவது அட்டையை மட்டுமே. அருகில் நிற்பவரோ அவர் கால்களைப் பார்க்கின்றார்.